ரஞ்சினியின் நோவுக்கு நான் போட்ட இலக்கங்கள்

மாசி 3, செவ்வாய்

பனி. விடிய மோட்டார்சைக்கிள் இருக்கை முழுக்க ஈரம். பழைய சாறத்தால் துடைத்தேன். ஏழரைக்கு கிளினிக். ரஞ்சினிக்குக் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் என்னுடைய மழைச்சட்டை. குளிர் அவளுக்குக் கூடாது.

இரண்டரை மணித்தியாலம் வாங்கில். கலியாணம் கட்டிய இந்தப் பதினொரு வருடத்தில் நான் குந்தியிருந்த ஆஸ்பத்திரி வாங்குகளை வரிசையாக அடுக்கினால் கரவெட்டியில் இருந்து பருத்தித்துறைக்கு நடந்து போகலாம்.

இன்றைக்கு ஒரு புது விஷயம். ர.வின் வருத்தத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி. அரிவாள் வடிவக் குருதிச்சோகை. செங்குழியங்கள் வட்டமாக இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்து சின்னக் குழாய்களில் சிக்கிவிடும். எலும்புக்கு இரத்தம் போகாது. அப்போது நோ வரும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப வாதம்தானே" என்கிறார்கள்.

டாக்குத்தர் அம்மா பொறுமையாக விளக்கினா. காய்ச்சலை அளக்கலாம், அழுத்தத்தை அளக்கலாம், நோவை அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை, ஆள் சொல்வதுதான் கணக்கு என்றா. நோ வரும்போது இரத்தத்தில் சில புரதங்கள் கூடுகின்றனவா என்று பார்க்கப் போகிறார்கள். நோ குறைந்த நாளில் ஒரு குழாய் இரத்தம், பெரிய நோ வரும் நாளில் ஒரு குழாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ர. உடனே ஓம் என்றாள். முதல் குழாயை இன்றைக்கே எடுத்தார்கள்.

எனக்கும் சந்தோஷம். ஏன் என்று இந்தக் கொப்பியில்தான் எழுதலாம். நான் மின்சார மீற்றர் வாசிக்கிறவன். வீட்டுக்காரர் ஆயிரம் கதைப்பார்கள், மீற்றர் கதைக்காது, காட்டும். எங்கள் வீட்டில் பதினொரு வருடமாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மீற்றர் இல்லை. அவள் நோகுது என்றால் நோ, இல்லை என்றால் இல்லை. எல்லா நாளும் நான் அதை நம்பவில்லை. எழுதிவிட்டேன். இனி அழிக்கிறதில்லை.

ஆராய்ச்சி உதவியாளர் பிள்ளை ஒன்று, பெயர் நிரோஜா. இரண்டு சின்னப் புத்தகம் தந்தாள். நீலம் ர.வுக்கு. மஞ்சள் "வீட்டாள்" என்பவருக்கு, அதாவது எனக்கு. தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு, இன்றைக்கு அவளுக்கு எவ்வளவு நோ என்று பூச்சியத்தில் இருந்து பத்துக்குள் ஓர் இலக்கம் போட வேண்டும். அவள் தன்னுடையதைப் போடுவாள், நான் பார்த்து மதித்துப் போட வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்கக்கூடாது, காட்டக்கூடாது, போட்டதை மாற்றக்கூடாது.

புத்தகத்தில் "வலி" என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் வலி என்றால் வலிப்பு. பக்கத்து வாங்கில் இருந்த அம்மா, தனக்கு ஒருநாளும் வலி வந்ததில்லை, வலி வந்தது தன் தம்பிக்குத்தான், கையில் இரும்பு குடுத்தவுடன் நிற்கும் என்றா. நிரோஜாவுக்கு அரை மணித்தியாலம் போனது அதை விளங்கப்படுத்த. நோ என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம்.

வாங்க: ர.வின் குளிசை. நீலப் பேனை 2. மகள் ஆரணிக்குச் சதுரறைக் கொப்பி. நாய்க்கு பிஸ்கட்.

6 மணி: 2.


மாசி 4, புதன்

வெயில். உள் ஒழுங்கைகள். பூட்டிய படலை பதினொன்று. நாய் மூன்று, அதில் ஒன்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டும் துரத்தியது. ஓர் ஐயா தன் மீற்றர் ஆளில்லாத நேரம் கள்ளமாக ஓடுகிறது என்றார். நின்று பாருங்கோ என்றேன். நின்று பார்த்தார். என்னையும் நிற்க வைத்தார். இருபது நிமிடம்.

மஞ்சள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முகங்கள் கீறியிருக்கிறது. சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை ஆறு. இலக்கம் போடக் கஷ்டமானால் முகத்தைப் பார்த்துப் போடட்டாம். ஆறில் ஒன்றும் ர.வின் முகம் இல்லை. நோ வந்தால் அவளுக்கு வீட்டுத் திறப்பை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவளின் முகம். திறப்பைத் தேடும்போதும் அதே முகம்தான்.

ஆறு மணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர். எதற்கான கண்ணீர் என்று யார் கண்டது.

2.


மாசி 9, திங்கள்

சித்தப்பாவின் மகன் வீட்டுக் குடிபூரல். இரண்டு கிழமைக்கு முன்னமே சொல்லி வைத்தது. காலையில் ர. வரவில்லை என்கிறாள். முழங்கால் உளையுதாம், நிலத்தில் இருந்து எழும்ப ஏலாதாம். முன்பள்ளிக்கு மட்டும் போவாளாம், அங்கே கதிரையில் இருந்து படிப்பிக்கலாமாம்.

தனியப் போனேன். வாசலில் இருந்து பந்திவரை கேட்டவை:

எங்கை மனிசி?
திருப்பியும் சுகமில்லையோ?
போன கிழமை சந்தையிலை கண்டனான், நல்லாத்தானே நிண்டவ?
தம்பி, உவவை ஒருக்கால் வடிவாய்க் காட்டினால் என்ன?

எல்லாவற்றுக்கும் சிரித்தேன். கன்னம் நொந்தது. அதற்கு இலக்கம் போட யாரும் புத்தகம் தரவில்லை.

திரும்பும்போது பதினொரு மணி. முன்பள்ளி ஒழுங்கையால் வந்தேன். உள்ளே ர. சின்னக் கதிரைகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் அடுக்குகிறாள். வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி. எழும்ப ஏலாதவள்.

தலைக்குள் சூடு. நிற்காமல் வந்துவிட்டேன். பின்னேரம் வரை ஒரு கதையும் இல்லை. ஆரணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீட்டுப்பாடத்தோடு அடுத்த அறைக்குப் போனது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது.

6 மணி: 1. கோபத்தில் போட்ட ஒன்று. பேனை தாளைக் கிழித்துவிட்டது.


மாசி 11, புதன்

மதிலில் ஏறி ஒரு மீற்றரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிரோஜாவின் அழைப்பு. மூன்றாம் திகதி எடுத்த இரத்தம் பழுதாம். குழாய்க்குள் குழியங்கள் உடைந்துபோச்சாம். திரும்ப எடுக்க வேணுமாம்.

ர.வின் நரம்பு அகப்படாது. அன்றைக்கு நாலு குத்து. இரண்டு கையும் நீலம். அந்த இரத்தத்தைத்தான் உடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையோடு கொஞ்சம் உரத்துக் கதைத்துவிட்டேன். அவள் அமைதியாக, "ஓம் அண்ணை, பிழை எங்கடை பக்கம்தான்" என்றாள். பிழையை ஒத்துக்கொள்கிறவர்களோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

பின்னேரம் ர.வுக்குச் சொன்னேன். "எடுக்கட்டும்" என்றாள், அவ்வளவுதான். குத்து வாங்கியவளுக்கு இல்லாத கோபம் எனக்கு.

6 மணி: 2. யோசிக்காமல் போட்டது.


மாசி 13, வெள்ளி

காலையில் திரும்பவும் கிளினிக். மூன்று குத்தில் இரத்தம் வந்தது. நிரோஜா குழாயைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனாள். நல்லது.

பின்னேரம் மாமியின் அழைப்பு. ர.வின் அம்மா, கீரிமலைப் பக்கம் தனிய இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை சிவராத்திரி. மகளை விரதம் இருக்கச் சொல்லி, கேணியில் முழுக வைத்து, கோயிலுக்குக் கூட்டிப் போக வேணுமாம். மகளின் வருத்தத்துக்காக நேர்ந்து வைத்ததாம்.

தண்ணி நிறையக் குடிக்க வேண்டும், குளிர்படக் கூடாது, டாக்குத்தர் எழுதியே தந்திருக்கிறா என்றேன். ஒரு நாள்தானே தம்பி என்றா மாமி. அந்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்று மூன்று விதமாகச் சொன்னேன். மாமி மூன்று விதமாகவும் கேட்கவில்லை.

ர. ரெலிபோனை வாங்கி, அம்மாவோடு ஏதோ மெதுவாகக் கதைத்தாள். பிறகு என்னிடம், "ஒருநாள் அம்மாவின்ரை ஆசைக்கு. விடுங்கோவன்" என்றாள்.

எனக்குக் கோபப்பட்டு அலுத்துவிட்டது. பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

6 மணி: 3. கை நீலத்துக்காக ஒன்று கூட்டினேன். அப்படிக் கூட்டலாமோ தெரியாது.


மாசி 16, திங்கள்

நேற்று எழுதவில்லை. இப்போது வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து எழுதுகிறேன். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஞாயிறு காலை கீரிமலை. சனம். வான்களும் சோடாக்கடைகளும். ர. சனிக்கிழமை பின்னேரம் தொடக்கம் ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணியும் குடிக்கவில்லை. போத்தலை இரண்டு தரம் நீட்டினேன், இரண்டு தரமும் மாமி பார்த்தா, இரண்டு தரமும் ர. வேண்டாம் என்றாள்.

பெண்களின் கேணி மதிலுக்குள் இருக்கிறது. நானும் ஆரணியும் வெளியே, கடலைப் பார்த்துக்கொண்டு. கடற்காற்று நல்ல குளிர். அரை மணித்தியாலம் இருக்கும். மாமி ஈரச் சேலையோடு ஓடி வந்தா. "தம்பி, பிள்ளை படியிலை இருந்திட்டாள், எழும்புறாள் இல்லை."

இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்து வெளியே இருத்தினார்கள். உதடு வெள்ளை. முழங்காலைக் கட்டிப் பிடித்தபடி, ஆட்டிக்கொண்டு. சத்தம் இல்லை. திறப்பைத் தேடுகிற முகம் இல்லை இது. இந்த முகத்தை நான் இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன்.

மாமியோடு ஆரணியை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை நெரித்தாள். வழியில் நிரோஜாவுக்கு எடுத்தேன். பெரிய நோ வந்தால் எந்த நேரமும் எடுக்கச் சொன்னவள்தானே. ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுகூடம் பூட்டு, இரத்தம் எடுத்தாலும் உடனே சுழற்றி உறைய வைக்க ஆள் இல்லை என்றாள். நோ எல்லாம் திங்கள் தொடக்கம் வெள்ளிவரை எட்டுக்கும் நாலுக்கும் இடையில்தான் வரவேணுமோ என்று கேட்டேன். பதில் வர முன்னமே வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி. வாசலில் ஒரு சின்ன டாக்குத்தர், நல்ல பெடியன்தான், கண் எல்லாம் நித்திரை. ர.வின் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். இந்த வருத்தக்காரரை அவர் முன்னம் கண்டதில்லை என்று புரட்டின விதத்திலேயே தெரிந்தது. "பத்துக்கு எத்தினை?" என்று கேட்டார்.

ர. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆறு" என்றாள்.

ஆறு. எழும்ப முடியாமல், உதடு வெளுத்து, என் கையில் நகம் பதித்துக்கொண்டு, ஆறு.

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்குத்தர், அவ பொய் சொல்லுறா. நம்பாதேங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ர.வைப் பார்த்தார், ஏதோ எழுதினார். தாதி மிஸ்ஸி இரண்டு குளிசையும் ஒரு கிளாஸ் தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். சேலைன் இல்லை, ஊசி இல்லை. அரை மணித்தியாலம் கழித்துத் திரைக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸி யாருக்கோ சொல்வது கேட்டது: "மனிசனே சொல்லுறார், நடிக்கிறா எண்டு."

அப்போதுதான் விளங்கியது. நான் சொன்னதை அவர்கள் எந்தப் பக்கமாக எடுத்திருக்கிறார்கள் என்று.

ஓடிப்போய் அந்த டாக்குத்தரின் முன்னால் நின்றேன். "ஐயா, கூட்டிச் சொல்லுறா எண்டு நான் சொல்லேல்லை. குறைச்சுச் சொல்லுறா. ஆறு இல்லை, பத்து. கிளினிக் டாக்குத்தர் அம்மாவுக்கு எடுத்துக் கேளுங்கோ." எனக்கு நாற்பத்திமூன்று வயது, ஒருவரிடமும் இப்படிக் கெஞ்சினதில்லை. அவர் எடுத்தார். கதைத்தார். பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. சேலைன், ஒட்சிசன், மோர்பின் ஊசி. என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன்.

அரை மணித்தியாலம். என் வாயால் போன அரை மணித்தியாலம்.

ர.வுக்கு ஊசி ஏறின உடனேயே நிரோஜா வந்து நிற்கிறாள். பட்டுச் சேலை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஐஸ் பெட்டி. அவளும் கோயிலுக்கு வெளிக்கிட்டவளாம். யாரையோ பிடித்து ஆய்வுகூடத் திறப்பு வாங்கிவிட்டாளாம். என்னை வெளியே போகச் சொன்னாள், இலக்கம் கேட்கும்போது வீட்டாள் நிற்கக்கூடாதாம். போனேன். ஒரே குத்தில் இரத்தம் எடுத்தாளாம். குழாயைப் பெட்டியில் வைத்து, சேலையைச் செருகிக்கொண்டு, ஸ்கூட்டரில் போனாள். ரெலிபோனில் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்க வாய் திறக்க முன்னமே போய்விட்டாள்.

நேற்று 6 மணி: 10. இன்று: 8.


மாசி 18, புதன்

வாட். எதிர்க் கட்டிலில் இடுப்பெலும்பு உடைந்த ஓர் அம்மா. அவவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ர.வையும் பார்த்து, உடைவு ஒன்றும் இல்லையே, ஏன் படுத்திருக்கிறா என்று கேட்கிறார்கள். ஐந்து பேருக்கு அரிவாளும் செங்குழியமும் சொன்னேன். ஆறாவது ஆளுக்கு "வாதம்" என்றேன். நிம்மதியாகப் போனார்.

மாமி கஞ்சி கொண்டு வந்தா. கண் வீங்கியிருக்கிறது. கேட்க நிறைய இருந்தது. ர.வின் காலைத் தடவிக்கொண்டே இருந்தா. அந்த வயதில் அழுகிறவரோடு என்ன கணக்குத் தீர்ப்பது.

மாமி போன பிறகு ர.விடம் கேட்டேன், ஏன் ஆறு என்று சொன்னாய் என்று.

சேலைன் துளியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பத்து எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்புகினம் இல்லை. நடிப்பு எண்டு நினைக்கினம். ஊசிக்கு ஆசைப்படுறன் எண்டு ஒருக்கால் ஒரு டாக்குத்தர் கேட்டவர், உங்களுக்குச் சொல்லேல்லை. ஆறு எண்டால் நம்புவினம். கொஞ்சமெண்டாலும் தருவினம்."

அப்ப வீட்டிலை, என்றேன்.

"வீட்டிலை இன்னும் குறைச்சுத்தான்."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தண்ணி எடுத்துவருகிறேன் என்று போத்தலோடு வெளியே போய்விட்டேன். போத்தல் நிறைந்துதான் இருந்தது.

தங்கச்சியின் கலியாணம். ஐந்து வருடம் இருக்கும். மண்டபத்துப் பின்னறையில் ர. சுருண்டு கிடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் விசாரிக்கிறார்கள். நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "நடிக்காமல் எழும்பு" என்றேன். எழும்பினாள். முகம் கழுவி, பூ வைத்து, பந்தியில் நின்று பரிமாறினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை, நானும்தான், அவளும்தான்.

6 மணி: 6. இது யாருடைய ஆறு என்று தெரியவில்லை.


மாசி 20, வெள்ளி

வீடு. ஆரணி தாய்க்குச் சாய்மனைக் கதிரையில் தலகணி அடுக்கி வைத்திருந்தது.

நான் சமையல். பருப்பு அடிப்பிடித்தது. கத்தரிக்காய் உப்பு. ஆரணி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது, அது இன்னும் எரிச்சல்.

பாத்திரம் கழுவும்போது ர. உள்ளே மெதுவாகப் பாடுவது கேட்டது. பாட்டில்லை, முணுமுணுப்பு. அப்பாடா, சுகம் வந்துவிட்டது என்று ஆரணியிடம் சொன்னேன். அது என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. "இல்லையப்பா. நோகேக்கைதான் அம்மா உப்பிடி முணுமுணுக்கிறவ. நோ இல்லாட்டிச் சும்மா இருப்பா."

எப்பவும் அப்படியோ என்று கேட்டேன். எப்பவும்தான் என்றது. உங்களுக்குத் தெரியாதோ என்றது.

ஒன்பதாம் திகதி, கதிரை தூக்கிக்கொண்டு முணுமுணுத்தவள்.

6 மணி: பேனையை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம். 5.


மாசி 24, செவ்வாய்

கிளினிக். வெயில் ஏறிவிட்டது, பனி முடிந்தமாதிரி.

ர. இரத்தப் பரிசோதனைக்கு உள்ளே போன நேரம் டாக்குத்தர் அம்மாவைப் பிடித்தேன். சிவராத்திரி இரத்தம் என்ன சொல்லுது, அந்தப் புரதம் கூடியிருக்கோ என்று கேட்டேன். சிரித்தா. இன்னும் ஒன்றும் பார்க்கவில்லையாம். எல்லாருடைய குழாயும் சேர்ந்த பிறகுதான் ஒன்றாகப் பார்ப்பார்களாம். மாதக்கணக்கில் ஆகுமாம். பார்த்தாலும், எல்லாரையும் சேர்த்து ஒரு போக்கு தெரியுமே தவிர, இந்தத் திகதி இந்த ஆளுக்கு நோ இருந்தது, இல்லை என்று தனியாள் ஒருவருக்குச் சொல்ல ஏலாதாம். அது வர எவ்வளவோ காலமாம். வராமலும் போகலாமாம்.

அப்ப நான் எதற்கு இவ்வளவு நாளும். மீற்றர் என்று நினைத்தது நான்தான், அவ ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. எண்டாலும் எரிச்சல். "அப்ப இப்போதைக்கு என்ன செய்யிறது?" என்றேன். "இப்போதைக்கு ஆளைக் கேக்கிறதுதான்" என்றா.

பிறகு நிரோஜாவின் மேசை. கீரிமலை அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு நினைவே இல்லையாம், பட்டுச் சேலையில் பெட்டித் தண்ணி ஊற்றுப்பட்டதுதான் நினைவாம். நீலத்தையும் மஞ்சளையும் வாங்கி, விடுபட்ட நாள் இருக்கிறதா என்று இரண்டையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம்.

மீற்றர் வாசிக்கிறவன் கண். படலைக்கு வெளியே நின்று, மதிலுக்கு மேலால், தலைகீழாக, அழுக்குக் கண்ணாடிக்குள்ளால் இலக்கம் படித்துப் பழகினது. பார்க்கக்கூடாது என்று மூளை சொல்ல முன்னம் கண் படித்து முடித்துவிட்டது.

3ஆம் திகதி. அவள் 5, நான் 2.
4. அவள் 5, நான் 2.
9. அவள் 8, நான் 1.
11. அவள் 4, நான் 2.
13. அவள் 6, நான் 3.
15. அவள் 10.

மிச்சமும் இப்படித்தான். அவள் ஒரு நாளும் நாலுக்குக் கீழே போடவில்லை. நான் கீரிமலைக்கு முன்னம் ஒரு நாளும் மூன்றுக்கு மேலே போடவில்லை. ஒன்பதாம் திகதிப் பக்கத்தில் என் பேனை கிழித்த ஓட்டைக்குள்ளால் அடுத்த தாள் தெரிந்தது.

நிரோஜா "எல்லா நாளும் இருக்கு, நல்லது அண்ணை" என்று மூடினாள்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ர. பின்னால் இருந்து என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தக் கை இறுகும்போது எட்டா, ஐந்தா என்று யோசித்துக்கொண்டு பள்ளங்களை விலத்தி ஓடினேன். முப்பது நிமிடப் பாதை ஒரு மணித்தியாலம்.

6 மணி: போடவில்லை.


மாசி 25, புதன்

வேலைக்கு இடையில் நிரோஜாவுக்கு எடுத்தேன். பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். முதலில் விளங்கவில்லை. விளங்கினவுடன் பெருமூச்சு. தலைகீழாக எப்படிப் படித்தனீங்கள் என்றாள். என் தொழில் என்றேன். ரெலிபோன் டாக்குத்தர் அம்மாவிடம் போனது.

அவ ஏசவில்லை. ர.வின் இலக்கத்தைக் கண்ட பிறகு நான் போடுவது இனிச் சுயமாகப் போட்டது ஆகாது, அதனால் இன்றோடு வீட்டாள் பங்கு முடிந்தது, ர. தொடரலாம் என்றா. சொன்னதற்கு நன்றி என்றா. அலுப்போடு சொன்ன நன்றி.

அப்படியானால் நான் முதல் போட்டதையும் எடுத்துவிடுங்கோ என்றேன். முடியாதாம், காண முன்னம் போட்டது எல்லாம் இருக்குமாம். ஒன்பதாம் திகதியை மட்டுமாவது வெட்டுங்கோ, அது கோபத்தில் போட்டது என்றேன். டாக்குத்தர் அம்மா சொன்னா: "அதுவும் எங்களுக்குத் தேவை. வீட்டிலை இருக்கிறவை எவ்வளவு குறைச்சு மதிக்கினம் எண்டதையும்தான் இதிலை பாக்கிறம்."

ஆக அந்த ஒன்று அப்படியே போகிறது. ஒரு மனிதனின் கொதியை எழுதி, இலக்கம் குத்தி, பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் ர.வுக்கு எல்லாம் சொன்னேன். பார்த்தது, கேட்டது, என்னை விலத்தினது. ஒன்பதாம் திகதி நான் ஒன்று போட்டேன் என்றும் சொன்னேன். கறிக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"தெரியும். அண்டைக்கு உங்கடை முகத்திலையே ஒண்டு எண்டு எழுதியிருந்தது."

கலியாண மண்டபம் பற்றியும் சொல்ல வந்தேன். அதற்குப் பதிலாக வேறு ஏதோ சொன்னேன், திருவலையைக் கை காட்டி நான் திருவிறன் என்றோ என்னவோ. தந்தாள். என் விரலில் பட்டு இரத்தம். "நிரோஜாவிட்டைக் குடுங்கோ, சுழற்றட்டும்" என்றாள்.

சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.


மாசி 26, வியாழன்

வெக்கை. பூட்டிய படலை ஒன்பது. கள்ளமாக ஓடுகிற மீற்றர் ஐயா இன்றைக்கும் கூப்பிட்டார். கேளாதமாதிரி வந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு ர. நீலப் புத்தகத்தில் போட்டுவிட்டு மூடி வைத்தாள். எனக்குப் புத்தகம் இல்லை. கை சும்மா இருந்தது.

ஆரணி அயல்வீட்டில். நான் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இலக்கம் வேண்டாம், எங்கே எங்கே நோகுது என்று சொல்லு என்றேன். இவ்வளவு காலத்தில் எவ்வளவு என்றும் ஏன் என்றும்தான் கேட்டிருக்கிறேன். எங்கே என்று கேட்டதில்லை.

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஆராய்ச்சிக்கோ என்றாள். இல்லை, எனக்கு என்றேன்.

மறக்காமல் இருக்க இந்தக் கொப்பியை எடுத்தேன். இதென்ன கொப்பி என்றாள். வேலைக் கொப்பி என்று பொய் சொன்னேன். சொல்லச் சொல்ல எழுதினது:

இடது கணைக்கால், எலும்புக்குள்ளே. உளைவு. எப்பவும்.
இரண்டு முழங்கால். நிலத்தில் இருந்து எழும்பும்போது.
வலது இடுப்பு. படி ஏறினால் குத்து. ஒரு வருடமாக. டாக்குத்தருக்கு இன்னும் சொல்லவில்லை. (செவ்வாய் சொல்ல வேண்டும். நான் சொல்ல வேண்டும்.)
விலா, மூச்சை உள்ளே இழுத்தால். பனி நாளில் மட்டும்.
கை விரல் மூட்டு மொளி. முன்பள்ளியில் கத்தரிக்கோல் பிடித்தால்.
முதுகின் நடு. அதற்கு என்ன சொல்வது என்று தெரியாதாம். பல்லு நோகிற மாதிரி, ஆனால் முதுகில்.

நிறுத்தினாள். முடிஞ்சுதோ என்றேன்.

"இல்லை, இன்னும் கிடக்கு. இருட்டுது, அரிசி போடவேணும்."

அரிசி கிடக்கட்டும், சொல்லு என்றேன்.